எந்தப் படகு முந்துதோ

"பேசிப் பேசி வாய் வலிக்குது மாப்ள. கடல்லயே தீத்துக்குவோம். தொண்டிக் கரையை எந்தப் படகு மொதல்ல தொடுதோ, அந்த வீட்டுப் பேச்சுத்தான் பேச்சு!"

பக்கத்துப் படகிலிருந்து பூமிநாதன் கத்தினார். மலையாண்டிக்குச் சுருக்கென்றது. அக்கா புருஷன் ஆதாயமில்லாமல் வாயைத் திறக்கிற ஆள் இல்லை.

விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. வருஷா வருஷம் இந்த நாட்களில் இரண்டு குடும்பமும் இரண்டு பாய்மரப் படகில் சட்டி பானையோடு கிளம்பிவிடும். தேவிபட்டினத்தில் ஏறி, வழியில் கண்ட கரையில் பொங்கித் தின்று, தொண்டியில் இறங்குவார்கள்.

இந்த வருஷம் சிரிப்பும் இல்லை, பாட்டும் இல்லை. மலையாண்டியின் மகள் கலைச்செல்விக்குச் சென்னையில் கப்பல் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. அக்கா சண்முகவள்ளியோ, கலைச்செல்வியின் காதுகுத்தன்று தம்பி சபையில் கொடுத்த வாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மருமகள் என் மகனுக்குத்தான், அதுவும் இந்த ஆவணியிலேயே என்றாள். அவள் சொன்னால் அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது.

"சரின்னு சொல்லுடா தம்பி! நாங்க முந்துனா ஆவணியில கல்யாணம். நீ முந்துனா அவ கப்பலுக்கே போகட்டும். கொலசாமி சத்தியம்!" என்று சிரித்தாள் சண்முகவள்ளி.

ஏன் சிரிக்கமாட்டாள்? அவர்கள் படகு புதுசு, பாயும் அகலம். அதை யாரும் முந்தியதே இல்லை.

"வேணாம் தாயி. ஒங்க மாமா ஜெயிக்கிறதுக்குன்னே பந்தயம் கெட்டுறாரு. அந்தாளை நம்பாத" என்று மகளிடம் முணுமுணுத்தார் மலையாண்டி.

"கெட்டட்டும் அய்யா. சுக்கானை எங்கிட்ட விடுங்க" என்றாள் கலைச்செல்வி.

சோழகக் காற்று பின்னாலிருந்து தள்ளியது. பாய் வயிறு புடைத்தது.

"அம்மா, அந்தப் புளிச்சோத்துச் சட்டியைக் கீழ வச்சிட்டு விளிம்புல ஏறி உக்காரு! அய்யா, பாய்க்கயித்தை விட்றாதிய!"

"மாப்ள, நண்டு கூட வேகமாப் போகும்!" என்று கெக்கலித்தார் பூமிநாதன்.

"வாயில ஓட்டாதிய மச்சான், படகை ஓட்டுங்க!"

மெல்ல மெல்ல இடைவெளி குறைந்தது. படகும் படகும் தோளோடு தோள் உரசுவது போல் வந்தன.

"ஏலே, தூங்குறியா? பாயை இழுத்துப் பிடிலே!" பூமிநாதன் மகனை வைத வசவு கரை வரைக்கும் கேட்டது. சண்முகவள்ளி இரண்டு பேரையும் சேர்த்து வைதாள்.

கலைச்செல்வி பல்லைக் கடித்துக்கொண்டு சுக்கானை ஒரு சாய்ப்புச் சாய்த்தாள். படகு அம்பாகப் பாய்ந்து தொண்டி மணலில் மூக்கை நுழைத்தது. மலையாண்டி தண்ணீரில் குதித்து, மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார். கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த பெண்கள் குலவை போட்டார்கள்.

சண்முகவள்ளி முகம் தொங்கிப்போய் வந்தாள். ஆனாலும் மருமகள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். "சத்தியம் சத்தியந்தான். கப்பல்ல போறவ அத்தையை மறந்துறாதடி."

எல்லோரும் கரையேறினார்கள். மலையாண்டிக்கு மட்டும் மனசு ஆறவில்லை. தோற்கிற படகா அது? நாளைக்கே படகில் பழுது, மறுபடி ஓட்டு என்று இந்த மச்சான் நொட்டை சொன்னால்? இப்போதே பார்த்துவிடுவோம் என்று இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, அந்தப் படகின் அடிப்பக்கம் கையை விட்டுத் துழாவினார்.

கனமாக ஏதோ தட்டுப்பட்டது. கல்லை உள்ளே வைத்துச் சுருட்டிய கிழிந்த வலை, படகின் அடியோடு இறுக்கிக் கட்டியிருந்தது.

"மச்சான்! எவனோ ஒங்க படகுல…"

பின்னாலிருந்து வந்த பூமிநாதனின் கை அவர் வாயைப் பொத்தியது.

"கத்தாத மாப்ள, ஒங்கக்கா காதுல விழுந்தா எனக்குச் சோறு கெடையாது. விடியக்காலம் முங்கி நாந்தான் கெட்டுனேன்."