மூன்று பேர் நிற்கும் படம்

1991இல், மாலை வகுப்புக்காக யோகலிங்கம் லண்டன் மனோர் பார்க் நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் எடுத்து வந்தான். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் குடியேறியவர்களின் வரலாறு. அதில் ஒரு படம்: புல்லோடு வெட்டிய மண்கட்டிகளால் கட்டிய வீட்டின் முன் மூன்று சகோதரர்கள்.

“மூண்டு பேராய் நிண்டு படம் எடுக்கக்கூடாது. ஒராளுக்கு ஆகாது,” என்றாள் மனைவி வசந்தமலர்.

அவன் சிரித்துவிட்டு, விசாவுக்கு எடுத்த தன் சிறிய படத்தை அவர்கள் பக்கத்தில் வைத்தான். “இப்ப நாலு பேர்.”

அதை எடுக்க மறந்து புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். அடுத்த கிழமை வசந்தமலர் நூலகத்துக்குப் போய்ப் பார்த்தாள். சிறிய படம் இல்லை. மண்வீட்டின் முன் நான்கு பேர் நின்றார்கள். நான்காமவன் முகத்தில் தொப்பியின் நிழல் விழுந்திருந்தது. கீழே ‘நான்கு சகோதரர்கள், 1886’ என்று அச்சாகியிருந்தது. வேறு பிரதி இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது அந்த ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்தபோது யோகலிங்கம் குசினியில் காலிலிருந்து கழற்றிய சப்பாத்தைத் தட்டிக்கொண்டிருந்தான். லண்டனில் எட்டு நாளாக மழை. சப்பாத்திலிருந்து உலர்ந்த மஞ்சள் புழுதி கொட்டியது.

“எங்கை போனனீங்கள்?”

“ஷிப்டுக்கு.”

அவன் ஜன்னல் திரையை இழுத்து மூடினான்.

“ஆரும் மூண்டு பேர் வந்து கேட்டால், நான் இல்லையெண்டு சொல்லும்.”