கழுத்தில் தொங்கும் விசில்

ஆற்றங்கரைப் பொதுநிலத்தைக் கிடங்கு கட்ட விற்கலாமா என்று கருத்துக் கேட்கும் கூட்டம். ஜன்னல் வெயில் மேசைமேல் சாய்ந்து கிடக்கிறது. ஆற்றை நம்பிப் பிழைக்கும் கடைக்காரர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். அதிகாரி கடிகாரத்தைப் பார்க்கிறார். வாடகைப் படகு விடுகிறவள் எழுந்து நிற்பதை யாரும் கவனிக்கவில்லை. "கத்துங்க அண்ணி, இல்லேன்னா கரை கையைவிட்டுப் போயிடும்," என்கிறான் பக்கத்திலிருக்கும் கொழுந்தன், தூண்டில் கடைக்காரன். அவளுக்குக் கத்த வராது. விரல்கள் தாமாகவே கழுத்துக் கயிற்றைத் தேடுகின்றன. தூரம் போன படகுகளைத் திரும்ப அழைக்கிற விசிலை ஊதுகிறாள். கூடம் அப்படியே அடங்குகிறது. "ஏம்மா, இதென்ன ஆறா?" என்கிறார் அதிகாரி. "ஆத்தைப் பத்தித்தானே சார் பேச வந்தோம். விக்கக் கூடாது, எழுதிக்குங்க." தன் குரல் நடுங்கவில்லை என்பதை அவளும் இப்போதுதான் கேட்கிறாள். அதிகாரி பேனா மூடியைத் திறக்கிறார்.