இத்தாலிச் சக்கரம்

ராஜசேகரன் இப்படி மாறுவார் என்று பெர்மாஸ் ஜெயா வட்டாரத்துச் சைக்கிள் ஓட்டும் கூட்டத்தில் யாருமே எதிர்பார்க்கவில்லை.

ஒரு காலத்தில் அவருடைய சைக்கிள் சாப்பாட்டுக் கடை வாசலில் நின்றால், ரொட்டி சானாயைப் பாதியில் விட்டுவிட்டு வந்து பார்ப்பார்கள். கியர், பிரேக், சக்கரம் எல்லாம் இத்தாலியின் கம்பக்னோலோ. மனிதரும் லேசுப்பட்டவர் இல்லை. மற்றவர்களின் ஜப்பான் கியரைப் பார்த்து, "ஓடும், ஓடும்" என்று சிரிப்பார்.

இப்போது எல்லாருமே ஜப்பான் செட்டுதான். புதிதாகச் சேர்ந்த பிரவீனா, கம்பக்னோலோவைப் பார்த்து இது எந்த ஊர் பிராண்டு என்று அவரிடமே கேட்டுவிட்டாள்.

சில வாரத்தில் அவர் இத்தாலிச் சாமான்களை விற்றுவிட்டு, ஜப்பான் செட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"அண்ணனும் கூட்டத்தோட சேந்துட்டாரு லா. ஆனா புதுச் செட்டு போட்டும் கடைசியிலதான் வர்றாரு" என்றார் கமலநாதன். எல்லாரும் சிரித்தார்கள். ராஜசேகரனும் சிரித்தார். பிரவீனாவுக்குத்தான் உறுத்தியது. நாம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த ஞாயிறு கடலோரப் பொந்தியானுக்குச் சைக்கிள் பயணம். போன முறை பிரவீனாவைப் பாதி வழியில் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். இந்த முறை எப்படியும் கடற்கரையைத் தொட்டுவிடுவது என்று தினமும் வேலை முடிந்து வந்து ஓட்டிப் பழகியிருந்தாள்.

பொந்தியான் நெருங்கும்போது அவளுடைய பின் சக்கரம் ஒரு குழியில் இறங்கி நெளிந்துவிட்டது. முன்னால் போனவர்கள் கண்ணுக்கே தெரியவில்லை. சாலையோரம் உட்கார்ந்து அழுதாள்.

கடைசியாக வந்த ராஜசேகரன் இறங்கினார். தன் பின் சக்கரத்தைக் கழற்றி அவள் சைக்கிளில் மாட்டினார். கச்சிதமாகப் பொருந்தியது.

"வேணாம் அங்கிள். நீங்க எப்படி வருவீங்க?"

"அன்னாசி லாரி ஏதாச்சும் வரும். நீ போம்மா."

அவள் ஏறவில்லை. மனசில் கிடந்ததைக் கேட்டேவிட்டாள்.

"நான் அன்னைக்குக் கேட்டதாலதான் அந்த இத்தாலி செட்ட வித்துட்டீங்களா, அங்கிள்?"

அவர் சிரித்தார்.

"அட, இல்லம்மா. இன்னைக்கும் எனக்கு அதுதான் ஒசத்தி. பண்டார் தெங்காரா செம்பனைக் காட்டுல நம்ம செல்வா இதே மாதிரி சக்கரம் ஒடஞ்சு ஒக்காந்திருந்தான். என் சக்கரத்தக் கழட்டி மாட்டிப் பாத்தேன். அது வேற யாரு சைக்கிளுக்கும் சேராதுன்னு அன்னைக்குத்தான் ஒறச்சுது."