சிலந்திக் கணக்கு

கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தபோது ஜஸீலாவின் போனில் செய்தி வந்தது. 'இன்னைக்கு பதினேழு சிலந்தி, அக்கா.' அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

பிஎச்.டி.க்காக, வலங்கைமான் பக்கம் தங்கையன் என்பவரின் குறுவை வயலில், பயிரைக் கெடுக்கும் பூச்சிகளைத் தின்னும் சிலந்திகளை அவள் தினமும் காலையில் எண்ணியாக வேண்டும். இந்தக் குறுவையோடு ஆய்வேட்டைக் கொடுத்துவிடலாம். தவறினால் இன்னும் ஒரு வருஷம். உதவித்தொகையோ இந்த வருஷத்தோடு சரி.

ஆனால் அவளுடைய கைடு மருதையன், தன்னுடைய முதல் பீரியட் வகுப்புகளை எல்லாம் அவள் தலையில் கட்டிவிட்டார். வயலுக்கு எப்போது போவது என்று கேட்டால், "ரெண்டையும் பாக்கணும்மா. நாங்கல்லாம் அப்படித்தான் வந்தோம்" என்பார். அவர் எங்கே வந்தார், கேன்டீனுக்குத்தான் வந்தார்.

கடைசியில் அவரே மனமிரங்கி, புதிதாகத் தன்னிடம் சேர்ந்திருக்கும் சதீஷ் போய் எண்ணித் தருவான் என்றார். அன்றோடு ஜஸீலாவுக்கு அவர் மேலிருந்த கோபமே போய்விட்டது. மதியம் டிபார்ட்மெண்டுக்கு வரும்போது சதீஷின் பேண்டில் ஒரு பொட்டுச் சேறு இருக்காது. சுத்தமான பையன் என்று நினைத்துக்கொள்வாள்.

புரட்டாசியில் ஒரு நாள் மாணவர்கள் ஸ்டிரைக் செய்ய, வகுப்பு இல்லாமல் போனது. ஜஸீலா பஸ் ஏறி வயலுக்கே போய்விட்டாள். போனால் பயிரையே காணோம். அறுத்த நெல்தாளுக்குள் வாத்துகள் மேய்ந்துகொண்டிருந்தன.

"அறுப்பு மெஷின் ஊருக்குள்ள வந்துச்சும்மா. அப்ப அறுத்தாதான் உண்டு, ஒத்த வயலுக்குன்னு மெஷின்காரன் திரும்பி வரமாட்டான்" என்றார் தங்கையன். அறுத்து ஒரு வாரமாகிறதாம். சொல்லலாம் என்று போன் செய்தாராம், அவள் எடுக்கவில்லையாம். எப்படி எடுப்பாள், வகுப்பில் அல்லவா இருந்தாள்.

அப்போதுதான் அன்றைய செய்தி வந்தது. 'இன்னைக்கு இருபத்தொண்ணுக்கா.'

ஒரு வாரக் கணக்குதானே பொய், அதைத் தள்ளிவிட்டால் மீதி நிற்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு ஜஸீலா சதீஷை அழைத்தாள்.

"வயல்லதான் நிக்கிறேன் சதீஷ். அறுப்புக்கு முந்தின கணக்காவது நெசம்தானே?"

அவன் அழுதுவிட்டான்.

"சேந்த நாள்லேருந்து காலையில சாரோட மச்சான் நடத்துற காலேஜ்ல நான்தான்க்கா கிளாஸ் எடுக்குறேன்."