குளிர்கோட்டுக் காசு

நெதர்லாந்தின் லேவார்டன் ஊரில் கால்வாய் கண்ணாடி மாதிரி உறைந்து கிடந்த காலையில், ஃபென்னா வெறும் ஜீன்ஸ் ஜாக்கெட்டோடு சைக்கிள் கொட்டகையில் நின்றாள். பற்கள் தந்தியடித்தன. நடுங்குகிற கைக்குப் பூட்டின் துவாரம் அகப்படவே இல்லை.

மூன்று மாதத் துணிக்காசு அவள் காலில் இருந்தது. தங்க நிறப் பூட்ஸ். தள்ளுபடியில் வாங்கியது. ஒரு அளவு சின்னது.

பதினைந்து வயதானதும் வீட்டில் போட்ட ஒப்பந்தம். மாதம் அறுபது யூரோ. உள்ளாடை முதல் குளிர்கோட்டு வரை அவளேதான் வாங்கிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் பொறுப்பு வருமாம். ஒரு தடவை கோட்டைவிட்டாலும் காசு நின்றுவிடும், பழையபடி அம்மாவே துணி எடுப்பாள்.

அம்மா எடுக்கிற துணி எப்படியிருக்கும் என்பது பள்ளிக்கூடத்துக்கே தெரியும். இரண்டு அளவு பெரிதாக, ஆரஞ்சு நிறத்தில், இருட்டில் பளபளக்கும் பட்டைகளோடு. போன வருஷம் பையன்கள் அவளைக் கண்டதும் சைக்கிளை ஓரங்கட்டி, "ரோடு வேலை நடக்குதுடா, சுத்திப் போங்க" என்றார்கள்.

அப்பா பம்போடு வந்தார். டயரில் காற்று சரியாகத்தான் இருந்தது.

"குளிரலையா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள், பூட்ஸ் கடிப்பது உட்பட.

அப்பா சமையலறை ஜன்னலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பர்ஸிலிருந்து எண்பது யூரோ எடுத்து அவள் கையில் வைத்து மூடினார்.

"அம்மாகிட்ட மூச்சு விடாத. அவளுக்குக் கொள்கைதான் பெருசு."

சைக்கிளில் ஏறி வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

அவர் தெருமுனை திரும்பியதும் அம்மா சாப்பாட்டு டப்பாவோடு வந்தாள். "மறந்துட்டுப் போறியே."

ஃபென்னாவின் டப்பா பைக்குள்தான் இருந்தது. இதைத் திறந்தால் ரொட்டி இல்லை. எண்பது யூரோ.

"அப்பாகிட்ட சொல்லிடாத. காசு விஷயத்துல அவரு ரொம்பக் கறார்."

உண்மை தொண்டை வரை வந்தது. அப்பாவைக் காட்டிக்கொடுக்க முடியாமல் விழுங்கினாள். இரண்டு கோட்டு வாங்குகிற காசோடு ஒரு கோட்டும் இல்லாமல் நடுங்கினாள்.

அம்மா இன்னும் போகவில்லை.

"அவருக்கும் முந்தாநாள் எண்பது குடுத்தேன், கோட்டு வாங்கிக்கச் சொல்லி. கிழிஞ்சதையே மாட்டிக்கிட்டுத் திரியிறாரு. இன்னைக்குச் சாயங்காலம் புதுசு வரலேன்னா, நாளைக்கு நானே போய் எடுத்துட்டு வந்துடுவேன்."

ஃபென்னா எதிர்க்காற்றில் மிதித்தாள். பூட்ஸுக்குள் கால்விரலெல்லாம் கொப்புளமாகிறது என்று தெரிந்தும் மிதித்தாள். ரயில்வே கேட்டில்தான் அப்பாவைப் பிடித்தாள். அவர் தந்த நோட்டுகளை அவர் பைக்குள்ளேயே திணித்து, அம்மா சொன்னதை ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது.

ரயில் போனது. கேட் திறந்தது. பின்னால் நின்றவர்கள் மணியடித்தார்கள். அவர் நகரவில்லை.

"கலர் ஏதாவது சொன்னாளா?" என்றார்.