மூணு பத்துத் தண்ணி

"செத்துப் போனவன் தெனமும் அம்மைக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புதான் ஸ்மிதா. வெளாட்டுக்குச் சொல்லல."

பேசியது வேல்ராஜ். தாராவியில் அவன் வேலை பார்க்கும் மொபைல் ரிப்பேர் கடையில் மத்தியானம் ஈ ஓட்டுகிற நேரம். போனின் மறுமுனையில் மும்பை மாட்டுங்காவிலிருந்து ஸ்மிதா, அவனோடு சேர்ந்து மென்பொருள் எழுதுகிறவள்.

எந்தச் சந்துக்கு எப்போது குழாய்த் தண்ணீர் வரும் என்று போனில் சொல்கிற இலவச மென்பொருள் அவர்களுடையது. யார் வேண்டுமானாலும் அதன் கோட், அதாவது நிரலைப் பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். சம்பளம் கிம்பளம் கிடையாது. ஏரியாவுக்கு ஒரு ப்ளகின், அதாவது அதோடு ஒட்டவைக்கிற ஒரு துண்டு நிரல். சீத்தா கேம்ப் குடிசைப் பகுதிக்கான ப்ளகினை எழுதியவன் மாரிக்கண்ணன். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் மஞ்சக்காமாலை வந்து போய்ச் சேர்ந்துவிட்டான். அதற்கப்புறம் அதை ஒருத்தரும் தொடவில்லை. இப்போது சுத்தம் பண்ணுகிறேன் பேர்வழி என்று இறங்கியவன் நம்ம வேல்ராஜ்.

"தெனமும் மத்தியானம் மூணு பத்துக்கு ஒரே ஒரு நம்பருக்கு மட்டும் ஒரு ரெக்கார்டிங் தானாவே போவுது. 'எம்மா, தண்ணி வருது, குழாயத் தெற.' அவன் குரலு. உசிரோட இருக்கையில பேசி வச்சிருக்கான்."

"அரே, அவ்ளோதானே? ஓடிண்டிருக்கற கோட்ல கை வைக்கப்படாதுன்னு எத்தனை தடவை சொல்றது?"

"முழுசாக் கேளுங்க. அதுக்குப் பதில் வருது."

"பதிலா? போட்டுக் காட்டு," என்றாள் ஸ்மிதா.

எழுநூத்திச் சொச்சம் பதில்கள் சர்வரில் ஒரு மூலையில் கிடந்தன. ஒன்றைக்கூட யாரும் திறந்து கேட்டதில்லை. வேல்ராஜ் நேற்றையதை ஓடவிட்டான். நிதானமான பெண்குரல், எதிரே உட்கார்ந்திருக்கிற ஆளிடம் பேசுவது போல.

"ரெண்டு கொடம் பிடிச்சிட்டேன்யா. நீ சாப்பிட்டியா? வெயில்ல அலையாத."

"ஐயோ, பாவம்! அவன் அம்மாவா?" என்றாள் ஸ்மிதா.

"ஆமா, செண்பகவல்லி. ஆனா இன்னொண்ணு இருக்கு. அந்தச் சந்துல மூணு மணித் தண்ணிய நிறுத்தி ஒரு வருசம் ஆச்சு. இப்ப வெடியக்காலம் மட்டுந்தான். பின்ன எந்தத் தண்ணியப் பிடிக்கா அந்தம்மா?"

அவனே பதிலும் சொல்லிக்கொண்டான்.

"புத்தி பேதலிச்சுப் போச்சு பாத்துக்கிடுங்க. நம்ம கோட்தான் அத வளத்து விடுது."

ஸ்மிதா தடுத்தும் கேட்கவில்லை. அந்த ரெக்கார்டிங்கை அனுப்புகிற வரியை நிரலிலிருந்து வெட்டினான். 'தேவையில்லாத சொந்த விஷயம் நீக்கப்பட்டது' என்று எல்லாரும் பார்க்கிற மாதிரி குறிப்பும் எழுதிவைத்தான். பெரிய புண்ணியம் கட்டிக்கொண்ட நினைப்பு!

மறுநாள் மூணு பத்து வந்தது. எதுவும் போகவில்லை. அப்பாடா என்று இருந்தான்.

மூணு நாப்பதுக்குச் சர்வரில் ஒரு கோப்பு வந்து விழுந்தது.

"என்னய்யா, இன்னிக்குச் சத்தத்தையே காணோம்? மேலுக்கு முடியலையா?"

வேல்ராஜ் போனைக் கவிழ்த்து வைத்தான். அதற்கடுத்த நாளும் வந்தது.

"காய்ச்சலாய்யா? கஞ்சி வச்சிக் குடுக்க யாரும் இருக்காவளா?"

அதற்கு மேல் அவனால் கடையில் உட்கார முடியவில்லை. மான்குர்ட் ஸ்டேஷனில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, ப்ளகினில் இருந்த சந்து நம்பரை விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தான்.

பத்துக்குப் பத்து ரூம். குடங்கள் எல்லாம் காலியாகக் கவிழ்ந்து கிடந்தன. சுவரில் மாரிக்கண்ணன் போட்டோ. அதில் புத்தம்புதிய கனகாம்பர மாலை.

ஓரத்தில் செண்பகவல்லி உட்கார்ந்திருந்தாள். மகன் செத்தது தெரிந்து மாலை போட்டிருக்கிறாள். அப்படியானால் இத்தனை நாளும் பேசியது யாரிடம்?

"எம்மா, நான் வேல்ராஜ். மாரிக்கண்ணன் எழுதுன தண்ணி மெசேஜ் இருக்குல்லா, அதுல இருந்து வாரேன்."

அவள் சட்டென்று எழுந்து வந்து அவன் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"நீதானாய்யா அது? காய்ச்சல் ஒண்ணும் இல்லையே! ரெண்டு நாளா எனக்கு உசுரே இல்ல."

"எம்மா... மாரிக்கண்ணன் இப்ப இல்ல."

"பெத்தவளுக்குத் தெரியாமலாய்யா இருக்கும்?"

"பின்ன யார்ட்டம்மா தெனமும் பேசுனிய? அந்நேரம் தண்ணியே வரலியே!"

"எங்க வருது?" என்றாள். "எம்மவன் குரல நான் கேக்கணும்னு எந்தப் பிள்ளையோ தெனமும் நேரம் பாத்து மெனக்கெட்டு அனுப்புது. தண்ணி வரலன்னு சொன்னா அது மனசு சங்கடப்படாதா? அந்தப் பிள்ளைய சாப்பிட்டியான்னு கேக்கவும் ஒரு ஆளு வேண்டாமா? ஏய்யா, அந்தப் பிள்ள நீதானே?"

அப்படியொரு பிள்ளை எழுநூறு நாளில் ஒருநாள்கூட இருந்ததில்லை, அனுப்பியது வெறும் நிரல்தான் என்று சொல்ல வேல்ராஜுக்கு வாய் வரவில்லை.

"நாந்தாம்மா," என்றான். "இன்னும் சாப்பிடல."