பாட்டில்லாத இடம்

ஓர்ப்படி நிவேதாவின் வளைகாப்பில் எல்லோரும் வளையல் போட வரிசையில் நின்றபோது, மாமியார் வீடியோ கேமராவைக் கொண்டுவந்து என் கையில் திணித்தார்.

"நீ எடுத்தாதான், சுகந்தி, படம் ஆடாம வரும்."

பிறகு என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு தன் தங்கையிடம் சொன்னார்: "இல்லன்னா அவளும் வளையல் போடறேன்னு வந்து நிப்பா. புள்ள இல்லாத கை."

எனக்குக் கேட்டது. கேமரா ஆடவில்லை.

மறுவாரம் அதைக் கணினியில் ஏற்றி வெட்டி ஒட்டினேன். சந்தனம் பூசும் கைகள், வளையல் அடுக்கும் கைகள். என் கை எந்தக் காட்சியிலும் இல்லை. வீட்டு விசேஷ வீடியோ என்றால் முழுக்கப் பாட்டுதான் ஓடும், கேமராவில் பதிவான பேச்சு எதுவும் அதன் அடியில் கேட்காது. அந்தத் தைரியத்தில்தான் எல்லோரும் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று வாய்க்கு வந்ததைப் பேசுகிறார்கள். நானும் படம் முழுக்கப் பாட்டுப் போட்டேன். ஓர் இடத்தில் மட்டும் பாட்டை எடுத்துவிட்டேன். சொந்தக்காரர்களுக்கெல்லாம் டிவிடியில் காப்பி போட்டுக் கொடுத்தேன். போட்டுப் பார்க்கக்கூடப் பொறுமையில்லாமல் மாமியாரே வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். நிவேதாவின் கன்னத்தில் யாரோ சந்தனம் பூசும்போது பாட்டு நின்றது.

"என்ன, ஒண்ணும் கேக்கல? சத்தத்தக் கூட்டி வை சுகந்தி," என்றார் மாமியார்.

எழுந்துபோய் ரிமோட்டை அவர் கையில் வைத்தேன்.

"நீங்களே கூட்டுங்க அத்தை."